போகிறவர்களுக்கு ஆங்கிலம்

திருச்சியில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "கொழும்புக்குப் போய் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறியா? அங்கதான் எல்லாரும் நல்லா இங்கிலீஷ் பேசுவாங்களே!" கொழும்பு ஏழு, மூன்று என்று எண்ணால் சொல்லும் வசதியான பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் உண்டு, உண்மைதான். காலி வீதியில் பெரிய கடைக்குள் நுழைந்தால் விற்பனைப் பையன் மூன்று மொழியிலும் பதில் சொல்வான். ஆனால் நான் வேலை பார்க்கும் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில், வேறொரு கொழும்பு இருக்கிறது. பருத்தித்துறை, மானிப்பாய், கிளிநொச்சி, மட்டக்களப்பு என்று எங்கிருந்தெல்லாமோ வந்து, உறவினர் வீட்டிலோ லொட்ஜிலோ தங்கி, ஏதோ ஒரு நாட்டு விசாவுக்குக் காத்திருப்பவர்கள் இங்கே நிறைய. என் மாணவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

நான் 2023 தொடக்கத்தில் வந்தேன். அதற்கு முந்தைய வருடம்தான் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை, கியூஆர் கோட் காட்டினால் வாரத்துக்கு இத்தனை லீட்டர், ஒரு கட்டத்தில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு, ஜனாதிபதியே நாட்டை விட்டுப் போனது எல்லாம் நடந்திருந்தது. 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனதாக அரசாங்கக் கணக்கே சொல்கிறது. படிக்கப் போனவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள் அதற்கு மேல். ஊரெல்லாம் ஆங்கில வகுப்புகள் நிரம்பின. ஆள் போதாமல் ஒரு பயிற்சி நிலையம் இந்தியாவிலும் விளம்பரம் கொடுத்தது. திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்த நான் விண்ணப்பித்தேன், கிடைத்தது, வந்துவிட்டேன். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சென்னைக்குப் பஸ்ஸில் போவதைவிடப் பக்கம்.

எனக்கு மூன்று விதமான வகுப்புகள். காலையில் கல்யாணப் பெண்கள், மாலையில் வேலைக்குப் போகிறவர்கள், சனி ஞாயிறில் பள்ளிப் பிள்ளைகள். காலை வகுப்பைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

காலை பத்து மணிக்கு அந்த வகுப்பில் உட்காருகிறவர்கள் எல்லாரும் பெண்கள். மாப்பிள்ளை லண்டனில் இருப்பார், ஹாரோ, இல்ஃபோர்ட், ஈஸ்ட் ஹாம் மாதிரி இடங்களில். பதிவுத் திருமணம் முடிந்திருக்கும். பிரித்தானிய விசாவுக்கு ஏ1 என்ற அடிப்படை நிலை ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டும். 2010 நவம்பரிலிருந்து இந்த விதி இருக்கிறது. பேசுவதும் கேட்பதும் மட்டும்தான், வாசிப்பு எழுத்து கிடையாது. ஒரு பரீட்சகருக்கு முன்னால் இரண்டு பரீட்சார்த்திகளைச் சேர்த்து உட்கார வைப்பார்கள். பதினாறு, பதினெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். புள்ளிகூடப் போடுவதில்லை, பாஸ் அல்லது ஃபெயில்.

இதைப் பாஸாக்க எளிய வழி ஒன்று ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது. இருபது முப்பது கேள்விக்கு விடை எழுதிய டியூட் (பாடக் குறிப்புத் தாள்) ஒன்றைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வது. பெயர் என்ன, ஊர் எது, வீட்டில் எத்தனை அறை, பிடித்த சாப்பாடு என்ன. பலர் அப்படியே தேறியும் விடுகிறார்கள். சிலர் மாட்டிக்கொள்வது எங்கே என்றால், பக்கத்தில் இருக்கும் மற்றப் பரீட்சார்த்தியோடு பேச வேண்டிய பகுதியில். அவர் டியூட்டில் இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டால் அவ்வளவுதான்.

ஆனால் பரீட்சையில் மாட்டிக்கொள்வது என் பெரிய கவலை இல்லை. அது திரும்ப எழுதக்கூடியது. விமானம் ஏறியபின் நடக்கப்போவதுதான் எனக்குக் கவலை. ஒரு மாணவி என்னிடம் கேட்டார்: "மிஸ், பாஸாகினாக் காணும்தானே? அங்க அவர் இருக்கிறார், அவர் கதைப்பார்." எந்தச் சந்தேகமும் இல்லாமல் சொன்னார். எனக்கு வயிறு கலங்கியது. கணவர் வேலைக்குப் போன பிறகு? அன்றைக்கே டொக்டரைப் பார்க்கப் பல இடங்களில் காலை எட்டு மணிக்கே சேர்ஜரிக்கு, அதாவது டொக்டரின் கிளினிக்குக்கு, போன் எடுக்க வேண்டியிருக்கும் ஊரில், அந்த எட்டு மணிக்கு அவர் பஸ்ஸிலோ கடையிலோ இருந்தால்? சொல்ல வேண்டியது அவரைப் பற்றியதாகவே இருந்தால்?

அந்தக் கடைசிக் கேள்வியை நான் சும்மா கேட்கவில்லை. முன்பு படித்த ஒருவர் லண்டனிலிருந்து குரல் செய்தி அனுப்பியிருந்தார். கர்ப்பமாக இருந்தபோது பரிசோதனைக்குக் கணவனின் அக்காதான் கூடப் போவாராம். தாதி கேட்கும் எல்லாக் கேள்விக்கும் அக்காவே பதில் சொல்லிவிடுவாராம். என்ன கேட்டார்கள், என்ன சொன்னார் என்று இவருக்குத் தெரியாது. அக்கா கெட்டவர் இல்லை, நல்ல மனதோடுதான் செய்தார். ஆனாலும் தன் உடம்பைப் பற்றி இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்க, தான் நடுவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அடுத்த முறை, வகுப்பில் நாங்கள் பழகிய ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்: "ஐ நீட் எ தமிழ் இன்டர்ப்ரிட்டர், ப்ளீஸ்." பிரித்தானியப் பொது மருத்துவச் சேவையில் மொழிபெயர்ப்பாளர் கேட்டால் இலவசமாகவே ஏற்பாடு செய்வார்கள், போனிலாவது. அக்கா வெளியில் உட்கார்ந்தார். இவர் தமிழிலேயே எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இப்போது அந்த வாக்கியம் என் வகுப்பில் முதல் நாள் பாடம். பெயர் சொல்வதற்கும் முன்னால். அது பரீட்சையில் வராது. அங்கே அவசர உதவி எண்ணான 999ஐ எப்போது அழைக்க வேண்டும், அழைத்தால் முதலில் என்ன கேட்பார்கள் என்பதும் பரீட்சையில் வராது. வீட்டு முகவரியை அஞ்சல் குறியீட்டோடு எழுத்தெழுத்தாகச் சொல்லப் பழகுவதும் அப்படித்தான். போகப்போகிற வீட்டின் முகவரியையே வைத்துப் பழகுவோம். சிலருக்கு அது அதுவரை தெரிந்திருக்காது. அன்றைக்கு இரவே மாப்பிள்ளையிடம் கேட்டு வாங்கி வருவார்கள்.

போன் பயிற்சிக்கு இரண்டு கதிரைகளை முதுகோடு முதுகாகப் போடுவேன். முகம் தெரியக் கூடாது. முகம் பார்த்துப் பேசினால் கண்ணும் கையும் பாதி வேலையைச் செய்துவிடும். போனில் அது நடக்காது. ஒருவர் சேர்ஜரி வரவேற்பாளர், மற்றவர் காய்ச்சலோடு இருக்கும் குழந்தையின் அம்மா. வரவேற்பாளராக இருப்பவருக்கு நான் காதில் ரகசியமாகச் சொல்லிவிடுவேன்: வேகமாகப் பேசு, இடையில் காத்திருக்கச் சொல். முதல் வாரத்தில் எல்லாரும் சிரித்து முடித்துவிடுவார்கள். இரண்டாம் வாரம் ஒருவர் உண்மையாகவே அழுதுவிடுவார், கோபத்தில். அதற்கப்புறம் குரல் மாறும். "சே தட் அகெய்ன், ஸ்லோலி ப்ளீஸ்" என்று அதட்டலாகவே சொல்வார்கள். அந்த அதட்டல் வந்துவிட்டால் அவரைப் பற்றி எனக்குப் பயமில்லை.

கிளிநொச்சியிலிருந்து வந்த ஒருவரைச் சொல்ல வேண்டும். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்தவர். தமிழில் பேசத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் வாய் திறக்க முடியாது. ஆங்கிலத்தில் "யெஸ் மிஸ்" தவிர ஒன்றும் வரவில்லை. அவரிடம், சங்கத்தில் கணக்கு உதைத்த ஒரு நாளைப் பற்றித் தமிழில் சொல்லச் சொன்னேன். விதை நெல் மூட்டைகள் குறைந்ததையும், களஞ்சியப் பொறுப்பாளரை நேரே வைத்துக் கேட்டதையும், கடைசியில் பழைய பற்றுச்சீட்டு ஒன்றிலிருந்து பிழையைக் கண்டுபிடித்ததையும் கதையாகவே சொன்னார். அப்புறம் அதே கதையைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாகக் கட்டினோம். நான் எண்ணினேன், தேடினேன், கேட்டேன், கண்டுபிடித்தேன். இறந்தகால வினைகள் எல்லாம் அந்த ஒரு கதையிலேயே வந்துவிட்டன. பரீட்சகர் வேலையைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னதும் அந்தக் கதையைத்தான். இப்போது இங்கிலாந்தின் ஸ்லாவ் நகரத்தில் ஒரு பண்டகசாலையில் இருப்புக் கணக்குப் பார்க்கிறார்.

இதற்காகத்தான் நிலையத்தோடு எனக்கு ஒரு வாக்குவாதம் நடந்தது. சுவரில் ஒரு பலகை இருக்கிறது: வகுப்புக்குள் ஆங்கிலம் மட்டும். மேலாளர் அதை உறுதியாக நம்புகிறார், காசு கட்டுகிறவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏற்கெனவே ஓரளவு பேசத் தெரிந்தவருக்கு அந்த விதி நல்லது. ஒன்றுமே தெரியாத இருபத்தெட்டு வயதுப் பெண்ணை முதல் நாளிலிருந்தே தமிழ் பேசாதே என்று அடைத்தால், அவர் ஊமையாக உட்காருவார், தனக்கு மூளையில்லை என்று நினைத்துக்கொள்வார். அவருக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. அது தமிழில் இருக்கிறது. அதை வெளியே எடுத்தால்தான் ஆங்கிலத்தை எங்கே வைப்பது என்று தெரியும். கடைசியில் காலை வகுப்புக்கு மட்டும் விலக்கு வாங்கினேன். பலகை இன்னும் சுவரில் இருக்கிறது.

மாலை வகுப்பு வேறு மாதிரி. அங்கே சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் கலந்து இருப்பார்கள். வங்கியில், ஐடி நிறுவனத்தில், கணக்காய்வில் வேலை பார்க்கிறவர்கள். கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போக ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சை எழுதுகிறவர்கள். கனடாவின் புள்ளிக் கணக்கில் மேலே போக வேண்டுமானால் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். ஒரு பொறியியலாளர் எழுத்தில் 6.5லேயே நின்றுகொண்டிருந்தார். அவர் எழுத்தில் இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் முதல் பத்தி ஒரே மாதிரி இருக்கும், நவீன உலகில் இது விவாதத்துக்குரிய விடயம் என்று. பள்ளிக்கூடத்தில் கட்டுரை என்றால் அலங்காரமான முன்னுரை என்று பழக்கிவிட்டிருக்கிறார்கள், இங்கேயும் சரி, எங்கள் ஊரிலும் சரி. உங்கள் கருத்து என்ன, அதை முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள் என்று அவரைப் பல வாரம் துரத்தினேன்.  கடைசியில் எழுத்தில் 7 வாங்கினார். இப்போது அவர் டொரண்டோவில் குளிரைப் பற்றிப் படம் அனுப்புகிறார்.

அந்தக் கலப்பு வகுப்பில் நான் கவனித்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. தமிழிலும் சிங்களத்திலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும், 'இல்', 'க்கு' மாதிரி உருபுகள் சொல்லுக்குப் பின்னால்தான் ஒட்டும். அதனால் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் இடறுவதும் அநேகமாக ஒரே இடத்தில். ஒரு சிங்கள அண்ணனும் மட்டக்களப்புத் தம்பியும் ஒரே பிழையைப் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். 'எ', 'த' (a, the) போடுவதை மட்டும் சிங்களவர்கள் கொஞ்சம் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் பெயர்ச்சொல்லிலேயே ஒன்று என்பதற்கு ஒரு விகுதி ஒட்டும் வழக்கம் இருக்கிறது, அதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஒருவர் தாளை மற்றவர் திருத்தச் சொல்வேன். அந்த அரை மணி நேரத்தில் அவர்கள் பேசிக்கொள்ளும் ஆங்கிலம், எந்தப் பாடப்புத்தகத்தைவிடவும் உயிரோடு இருக்கும்.

சனிக்கிழமை வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்க வந்த ஒரு தாய் என்னைப் பார்த்துவிட்டு வரவேற்பில் கேட்டது எனக்கே காதில் விழுந்தது: "வெள்ளைக்காரர் ஒருத்தரும் எடுக்கிறேல்லையோ?" அவரைக் குறை சொல்ல மாட்டேன். விளம்பரப் பலகைகள் எல்லாம் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. வெளிநாட்டு ஆசிரியர் என்றால் வெள்ளைத் தோல் என்று நிலையங்களே நினைக்கின்றன, சம்பளத்திலும் அந்த வித்தியாசம் தெரியும். அது நியாயமில்லை என்பதை நான் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறேன். நான் லால்குடிப் பக்கம் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவள். கல்லூரியில் முதல் வருடம் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் நின்றிருக்கிறேன். ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் எந்த இடத்தில் வழுக்கும் என்பது அதே படியில் வழுக்கி ஏறியவளுக்குத் தெரியும். அந்தத் தாயிடமும் இதைத்தான் சொன்னேன். பிள்ளையைச் சேர்த்தார்.

வெளிநாட்டுக்காரி என்பது இங்கே ஒரு விசித்திரமான நிலை. காலி வீதியில் பெயர்ப்பலகை எல்லாம் தமிழில் இருக்கும், வாழையிலையில் சோறு கிடைக்கும், பூபாலசிங்கம் புத்தகசாலையில் போன வார இந்தியச் சஞ்சிகை கிடைக்கும். பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்குப் போனால் நகரத்தார் கட்டிய கோயில், எங்கள் ஊர் வாசனை. ஆடிவேல் சமயத்தில் செட்டியார் தெருவிலிருந்து தேர் வரும்போது கூட்டத்தில் நின்றால் எந்த நாடு என்றே மறந்துவிடும். ஆனால் வாயைத் திறந்தால் மரக்கறிக் கடைக்காரர் உடனே கேட்பார்: "இந்தியாவோ?" என் பேச்சு அவர்களுக்கு முழுக்கப் புரியும், தொலைக்காட்சித் தொடர்களில் கேட்டுக் கேட்டுப் பழகியது. அவர்கள் பேச்சு எனக்கு முதல் மாதங்களில் பாதிதான் புரிந்தது. பிள்ளைகள் தங்களுக்குள் வேகமாகக் கதைக்கும்போது, என் மாணவிகள் லண்டனில் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

வதிவிட விசா ஒரு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பத்தரமுல்லையில் குடிவரவுத் திணைக்களத்துக்குக் கடிதங்களோடு போவேன். வேலை கொடுத்தவர் கையெழுத்து இருந்தால்தான் நான் இங்கே. வேலை போனால் இருப்பும் போகும். அந்த வரிசையில் நிற்கும்போது சீனப் பொறியியலாளர்கள், பங்களாதேஷ் தையல் ஆலை மேற்பார்வையாளர்கள் என்று எல்லாரும் கையில் ஒரே மாதிரிக் கோப்புகளோடு நிற்பார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பக் கணக்குப் போட்டால், ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபாய் அளவில் போகிறது. பெரிதாக மிஞ்சாது. பணத்துக்காக யாரும் இந்த வேலைக்கு இங்கே வரவேண்டாம் என்று கேட்கிறவர்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடி அனெக்ஸ். கரையோர ரயில் போகும்போது ஜன்னல் அதிரும். கீழே வீட்டுக்காரர் அன்ரி தனியாக இருக்கிறார். 83 யூலைத் தமிழர் எதிர்ப்புக் கலவரத்தில் எரிந்த வீட்டை மறுபடி கட்டிய குடும்பம். பிள்ளைகள் அதற்கப்புறம் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், கனடாவின் ஸ்காபரோவில் ஒருவர், லண்டன் ஹாரோவில் ஒருவர். மாலையில் நான் படியேறும் சத்தம் கேட்டால், "பிள்ளை, தேத்தண்ணி ஊத்திறன், குடிச்சிட்டுப் போங்கோ" என்பார். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது, அன்ரிக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். வீடியோ அழைப்பில் "ஹவ் ஆர் யூ, சாப்பிட்டாச்சா" என்பதோடு நின்றுவிடும். அவர் கேட்டதால், கிழமையில் ஓர் இரவு அவருக்கும் பாடம் எடுக்கிறேன். பேத்திக்கு நீச்சல் போட்டி என்றால் அதைப் பற்றிக் கேட்க நான்கு கேள்விகள் தயாரிப்போம். போன முறை அந்தப் பேத்தி இருபது நிமிடம் பேசினாளாம். அன்ரி அதை எனக்குச் சொன்ன விதத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

எனக்கும் ஒரு மொழி படிக்க வேண்டியிருந்தது. பஸ்ஸிலும் பத்தரமுல்லையிலும் சிங்களம் இல்லாமல் ஓட்டுவது கஷ்டம். மாலை வகுப்பில் ஒருவர் எனக்குச் சொல்லித் தருகிறார். பேச்சுச் சிங்களத்தில் நான், நீ, அவன் யாராக இருந்தாலும் வினைச்சொல் மாறாது, அது பெரிய நிம்மதி. 138 பஸ்ஸில் நடத்துநரிடம் இறங்கும் இடத்தைச் சொல்ல வாய் திறக்கும்போது தொண்டை அடைக்கும். அந்த அடைப்பை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே படிப்பை விடவில்லை.

காலை வகுப்புக்கு எனக்குக் கிடைத்த பெரிய துணை ஓர் ஐயா. எண்பத்தைந்து தாண்டியவர். தமிழ்ச் சங்க நூலகத்தில் பத்திரிகை வாசிக்கும் இடத்தில் அறிமுகமானார். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலவழியில் படித்து, ஐம்பதுகளின் கடைசியில் அரசாங்க எழுதுவினைஞராக (கிளார்க்) சேர்ந்தவர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் சிங்களப் பரீட்சையில் தேறாத தமிழ் ஊழியர்களுக்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் அதை எதிர்த்துப் போட்ட வழக்கு, அப்போது இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. இந்த ஐயாவும் பரீட்சை எழுத மறுத்துப் பல வருடம் உயர்வு இல்லாமல் வேலை பார்த்தவர். ஒரு மொழியைப் பரீட்சையாக்கி மனிதர்களை நிறுத்தி வைப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, மாதிரிப் பரீட்சைக்குப் பரீட்சகராக வர முடியுமா என்று கேட்டதும் ஒப்புக்கொண்டார். சட்டைப் பையில் பேனாவோடு நேரத்துக்கு வந்து உட்காருவார். கண்டிப்பாகக் கேட்பார். முடிந்ததும், "பயப்பிடாதேங்கோ பிள்ளை, வடிவாக் கதைக்கிறீங்கள்" என்பார். பாதிப் பெண்கள் உண்மையான பரீட்சையைவிட இவரிடம் தேறியதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள்.

ஏ1 முதல் படிதான் என்பதையும் அவர்களிடம் மறைப்பதில்லை. நான் இதை எழுதும் சமயத்து விதிப்படி முதல் விசா முப்பத்து மூன்று மாதம். நீட்டிக்கும்போது அடுத்த நிலையான ஏ2, ஐந்து வருடம் கழித்து நிரந்தர வதிவிடத்துக்கு அதற்கும் மேலான பி1. குழந்தை பிறந்து, வேலை, வீடு என்று ஓடும் வருடங்களில்தான் அந்தப் பரீட்சைகள் வரும். போனதும் பேச்சை விட்டுவிட்டால் இங்கே படித்தது ஆறு மாதத்தில் கரைந்துவிடும். அதனால் போனவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறேன். வாரம் ஒரு குரல் செய்தி அனுப்ப வேண்டும், ஆங்கிலத்தில், ஒரு நிமிடம். பலர் அனுப்புவதில்லை. அனுப்புகிறவர்கள் அனுப்பும் விஷயங்கள் எனக்குப் பொக்கிஷம்.

ஏனென்றால் அதிலிருந்துதான் இப்போது டியூட் தயாரிக்கிறேன். பாடப்புத்தகத்தில் வரவேற்பாளர் எப்போதும் தெளிவாக, முழு வாக்கியத்தில் பேசுவார். இவர்கள் கேட்பது அப்படி இல்லை. ஒருவர், வரவேற்பாளர் "பேர் வித் மீ" (கொஞ்சம் பொறுங்கள்) என்று சொன்னதும் என்ன செய்வதென்று தெரியாமல் போனை வைத்துவிட்டார். காத்திருந்திருந்தால் நேரம் கிடைத்திருக்கும். இன்னொருவருக்கு நர்ஸரியில், மகள் மதியம் தூங்கினாளா, என்ன சாப்பிட்டாள் என்று ஆசிரியை ஒரே மூச்சில் சொன்னது எதுவும் பிடிபடவில்லை, சிரித்துக்கொண்டு வந்துவிட்டாராம். இப்படிப்பட்ட நிமிடங்களைச் சேர்த்து, ஐயாவும் நானும் உரையாடலாக எழுதி, போனில் பதிவு செய்து, முதுகோடு முதுகான கதிரைகளில் காலை வகுப்புக்குப் பழக்குகிறோம். டொக்டர், நர்ஸரி, வீட்டு வாடகை முகவர், பஸ் என்று நான்கு தொகுப்பு முடிந்திருக்கிறது. வங்கியும் வேலை நேர்முகமும் பாக்கி.

லண்டனிலோ டொரண்டோவிலோ மெல்பேர்னிலோ இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் போய் இறங்கிய முதல் வாரங்களில் உங்களுக்குப் புரியாமல் போன ஒரு வாக்கியம் கட்டாயம் நினைவிருக்கும். யார் சொன்னது, எங்கே, அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று இரண்டு மூன்று வரியில் எழுதி அனுப்புங்கள். தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம், காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எழுதினால்தான் எனக்கு உதவும். அடுத்த காலை வகுப்பு தைப்பொங்கல் முடிந்ததும் தொடங்குகிறது.